நரம்பு வழி வரும் பகை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

உடலை ஒரு நாடு என்று கொண்டால் மூளை அதன் தலைநகர். தண்டுவடம் பெருவழிச் சாலை. நரம்புகள் அச்சாலையிலிருந்து பிரிந்து கடைசிச் சிற்றூர் வரை செல்லும் கிளைச் சாலைகள். முதலாண்டில் நரம்பு மண்டலப் பாடத்தைத் தொடங்கியபோது எங்கள் விரிவுரையாளர் இப்படித்தான் சொல்லித் தந்தார். கால் விரலில் முள் தைத்தால் வலி என்னும் செய்தி நொடிப்பொழுதில் தலைநகரை எட்டுவது இச்சாலைகளின் வழியேதான்.

அன்று எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. செய்தி செல்லும் சாலையில் பகைவனும் செல்லலாம் அல்லவா? செல்கிறான் என்பதே அதற்கு விடை. அப்பகைவனைப் பற்றியதே இக்கட்டுரை. இதை எழுதத் தூண்டியது பாடநூல் மட்டுமன்று. வேறொரு காரணமும் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

நரம்பை நாடும் வைரஸ்கள்

வைரஸ் என்பது தானே உண்டு தானே பெருகும் உயிரன்று. வேறோர் உயிரின் செல்லுக்குள் நுழைந்தால்தான் அதற்கு வாழ்வு. எந்தச் செல்லில் நுழைகிறது என்பதைப் பொறுத்தே அது தரும் நோயும் அமைகிறது. சில வைரஸ்கள் நரம்புச் செல்களை நாடுகின்றன. ஆனால் அவை அங்கே சென்று சேரும் வழி ஒன்றுபோல் இருப்பதில்லை.

இளம்பிள்ளை வாதத்தைத் தரும் போலியோ வைரஸ் வாய் வழியே குடலை அடைந்து, அங்கே பெருகி, இரத்தத்தில் கலந்து, மிகச் சிலருக்கு மட்டும் தண்டுவடத்தை எட்டுகிறது. அங்கே தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அழித்துவிடுகிறது. நம் நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது கடைசியாக 2011 சனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சு 27 அன்று நம் நாடு போலியோ அற்ற நாடு எனச் சான்று பெற்றது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் வைரஸ் நெல்வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசுவின் கடியால் இரத்தத்தில் ஏறி, மூளையை அடைகிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1955-இல் நம் வேலூர்ப் பகுதியில்தான் இனங்காணப்பட்டது.

சின்னம்மை வைரஸின் போக்கோ விந்தையானது. அம்மை இறங்கிய பின்னும் அது உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்தபோதோ விழித்தெழுந்து, ஒரே நரம்பின் தடத்தில் கொப்புளங்களாக வெளிப்படுகிறது. இதையே நம் ஊர்களில் அக்கி என்கிறோம்.

இவற்றையெல்லாம் விடக் கொடியது ஒன்று உண்டு. அது இரத்தத்தை நாடுவதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை நரம்பையே வழியாகவும் வீடாகவும் கொள்கிறது. அதுவே வெறிநாய்க்கடி நோயைத் தரும் ரேபிஸ் வைரஸ்.

உருவமும் அமைப்பும்

மின்னணு நுண்ணோக்கியின் கீழ் இவ்வைரஸ் துப்பாக்கிக் குண்டு போன்ற உருவில் காட்சி தருகிறது. ஒரு முனை வட்டமாகவும் மறுமுனை தட்டையாகவும் இருக்கும். நீளம் ஏறத்தாழ 180 நானோமீட்டர். அகலம் ஏறத்தாழ 75 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இவற்றுள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டவற்றை வரிசையாக அடுக்கிவிடலாம். உள்ளே ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; அதில் ஏறத்தாழ 12,000 எழுத்துகள்; அவை ஐந்தே ஐந்து புரதங்களுக்கான குறிப்புகள். இவ்வளவு சிறிய மூலதனத்தைக் கொண்டு, கோடிக்கணக்கான செல்களால் ஆன மூளையை அது வீழ்த்திவிடுகிறது.

வைரஸின் மேல் ஒரு கொழுப்பு உறை உண்டு. அவ்வுறையில் முட்கள் போல் ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த முட்புரதம்தான் நரம்புச் செல்லின் கதவைத் திறக்கும் சாவி. கொழுப்பு உறையை மறந்துவிட வேண்டாம். எளிய சோப்பு இவ்வைரஸை வெல்லக் காரணம் அதுதான். அதைப் பின்னர்க் காண்போம்.

பயணம்

நோயுற்ற நாயின் உமிழ்நீரில் வைரஸ் இருக்கும். அது கடிக்கும்போது உமிழ்நீர் காயத்தின் வழியே தசைக்குள் இறங்குகிறது. வைரஸ் முதலில் அங்கேயே தங்குகிறது. தசைச் செல்களில் சிறிது பெருகவும் செய்யும். இந்தத் தங்கல் சில நாட்களாகவும் இருக்கலாம். பல வாரங்களாகவும் இருக்கலாம்.

பிறகு, தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தை அது அடைகிறது. "சுருங்கு" என்ற ஆணையை நரம்பு தசைக்குத் தருவது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளால் என்று படித்திருக்கிறோம். அந்த அசிட்டைல்கோலின் வந்து பொருந்தும் ஏற்பியிலேயே வைரஸின் முட்புரதமும் பொருந்துகிறது. அங்கிருந்து நரம்பின் நுனிக்குள் நுழைகிறது.

ஒரு நியூரானின் உடல் தண்டுவடத்தில் இருக்க, அதன் ஆக்ஸான் என்னும் நீண்ட இழை பாதம் வரை செல்லும். மனிதனில் இதன் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இவ்வளவு நீண்ட இழையை நியூரான் எப்படிப் பேணுகிறது? ஆக்ஸானுக்குள் நுண்குழல்கள் தண்டவாளம் போல் ஓடுகின்றன. அவற்றின் மீது சில புரதங்கள் சுமை தூக்கிச் செல்கின்றன. நுனியிலிருந்து செல்லுடலை நோக்கிச் சுமையைக் கொண்டுவரும் புரதத்திற்கு டைனீன் என்று பெயர். ரேபிஸ் வைரஸ் இந்தச் சுமைகாரனின் தோளில் ஏறிக்கொள்கிறது. தானாக நடக்க அதற்குக் கால் இல்லை. நம் உடலே அதைச் சுமந்து செல்கிறது.

பயண வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 சென்டிமீட்டர் என்பர். எறும்பு சில நொடிகளில் கடக்கும் தூரம். செல்லுடலை அடைந்ததும் பெருகி, அடுத்த நியூரானுக்குத் தாவி, தண்டுவடம் ஏறி, மூளையை எட்டுகிறது. ஆகவேதான் காலில் கடிபட்டவனைவிட முகத்திலோ கழுத்திலோ கடிபட்டவனுக்கு நோய் விரைவில் வரக்கூடும், வழி குறைவு. குழந்தைகளின் உயரம் நாயின் வாய்க்கு அருகில் இருப்பதால் அவர்களுக்குத் தலையிலும் முகத்திலும் கடி படுவது மிகுதி என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

கடிபட்ட நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மாதங்கள். ஒரு வாரத்தில் வந்ததும் உண்டு. ஓராண்டுக்கு மேல் கழித்து வந்ததும் உண்டு. இக்காலம் முழுவதும் மனிதன் நலமாகவே இருக்கிறான். உண்கிறான், உறங்குகிறான், விளையாடுகிறான். வைரஸ் இரத்தத்தில் உலவாமல் நரம்புக்குள் மறைந்து செல்வதால் உடலின் காவற்படையும் அதைக் காண்பதில்லை. எதிர்ப்பொருள் தோன்றும்போது காலம் கடந்துவிடுகிறது.

தலைநகர் வீழ்தல்

மூளையை அடைந்த வைரஸ் விரைந்து பெருகுகிறது. 1903-இல் இத்தாலிய அறிஞர் அடெல்கி நெக்ரி, இந்நோயால் இறந்த விலங்குகளின் நியூரான்களுக்குள் வட்டமான சிறு திட்டுகளைக் கண்டார். இன்றும் அவை நெக்ரித் திட்டுகள் எனப்படுகின்றன. வைரஸ் பெருகும் பட்டறைகள் அவையே.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இந்நோயில் இறந்தவரின் மூளையை ஆராய்ந்தால், இவ்வளவு கொடிய துன்பத்திற்கு ஏற்ற அழிவு அங்கே காணப்படுவதில்லை. போலியோவைப் போல் இது செல்களைக் கூட்டமாகக் கொல்வதில்லை. செல்கள் இருக்கின்றன, அவற்றின் வேலை நின்றுவிடுகிறது. கட்டடங்கள் அப்படியே நிற்க, அலுவலகங்களில் ஆணைகள் தாறுமாறாகப் பிறப்பிக்கப்படும் நகர் போல என்று கொள்ளலாம்.

மூளையில் பெருகியபின் வைரஸ் அதே நரம்புச் சாலைகளில் எதிர்த்திசையில் இறங்கி, தோல், கண், இதயம், குறிப்பாக உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது. அதே வேளையில் நாயின் உணர்ச்சிகளை ஆளும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டு, அது காரணமின்றிக் கடிக்கத் தொடங்குகிறது. வாயில் நஞ்சு, மனத்தில் வெறி. அடுத்த உடலுக்குச் செல்ல வைரஸுக்கு இவ்விரண்டும் போதும்.

நீரைக் கண்டு அஞ்சுவது ஏன்?

மனிதனில் முதற்குறி மிக எளியது. பழைய கடிவாயில் அரிப்பு, குத்தல், மதமதப்பு. பின்னர்க் காய்ச்சல், தலைவலி, உறக்கமின்மை. அடுத்துதான் இந்நோய்க்கே உரிய கொடுமை. நோயாளிக்குத் தாகம் எடுக்கும். நீரை வாயருகே கொண்டு சென்றதும் தொண்டைத் தசைகளும் மூச்சை உள்ளிழுக்கும் தசைகளும் வெட்டி இழுக்கும். மூச்சு முட்டும். மூளைத்தண்டில் விழுங்குதலையும் மூச்சையும் ஆளும் பகுதி பாதிக்கப்பட்டதன் விளைவு இது. சிறிது நேரத்தில் நீரைக் கண்டாலே, நீரின் ஒலியைக் கேட்டாலே, முகத்தில் காற்றுப்பட்டாலே அவ்விழுப்பு வந்துவிடும். ஆகவே இது வெறும் மன அச்சமன்று. உடலின் வேதனையால் மனம் கற்றுக்கொண்ட அச்சம். இடையிடையே நோயாளி தெளிவுடன் பேசவும் செய்வார். காண்பவர்களால் தாங்கமுடியாதது அந்தத் தெளிவுதான்.

சிலருக்கு வெறி தோன்றாமல், கைகால் மெல்ல மெல்லச் செயலிழக்கும் வடிவிலும் இந்நோய் வருவதுண்டு. எவ்வடிவில் வந்தாலும், குறிகள் தோன்றியபின் பெரும்பாலும் இரு வாரங்களுக்குள் மூச்சோ இதயமோ நின்று மரணம் நேர்கிறது. நம் நாட்டுப் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை இந்நிலையை ஜலத்ராசம் என்று குறித்து, அது தோன்றியவர் பிழையார் என்று கைவிட்டது. இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அத்தீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற இயலவில்லை. 2004-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வௌவால் கடித்த 15 வயதுப் பெண் ஒருத்தியைச் செயற்கை மயக்கத்தில் ஆழ்த்தி மருத்துவர்கள் காப்பாற்றினர். அம்முறையைப் பின்னர்ப் பலருக்குக் கையாண்டபோது பெரும்பாலும் பயன் தரவில்லை.

என் பள்ளித் தோழன்

முதலில் சொன்ன காரணத்தைக் கூறும் இடம் இதுவே.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது எனக்கு ஒரு தோழன் இருந்தான். பள்ளி விட்டதும் இருவரும் வாய்க்கால் கரை வழியே வீடு திரும்புவோம். ஒருநாள் கரையில் ஒரு நாய்க்குட்டி கிடந்தது. அவன் அதைத் தூக்கியபோது சுண்டுவிரலின் கீழே கடித்துவிட்டது. இரண்டு சிறு புள்ளிகள்; ஒரு துளி இரத்தம். சட்டையில் துடைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் அக்குட்டி அதே இடத்தில் இறந்து கிடந்தது.

"வீட்டுல சொல்லிடாதடா. அப்பா அடிக்கும். தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க" என்றான். நான் சொல்லவில்லை. தோழனைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

ஐந்து வாரங்களுக்கு மேல் கடந்திருக்கும். கை மதமதவென்று இருக்கிறது என்றான். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் தண்ணீர் குடிக்க முடியவில்லை. காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். "நாய் ஏதும் கடித்ததா?" என்று மருத்துவர் கேட்டாராம். "இல்லீங்களே" என்று அவன் தாயார் சொன்னாராம். அக்கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நான். அவன் மூன்றாம் நாள் இறந்துவிட்டான்.

மருத்துவர் கேட்ட அந்த நாளில் நான் விடை சொல்லியிருந்தாலும் பயனில்லை என்பதை இப்போது அறிவேன். பயன் தந்திருக்கக்கூடிய நாட்கள் அதற்கு முந்திய ஐந்து வாரங்கள். அந்நாட்களில் எல்லாம் நாங்கள் வாய்க்காலில் குளித்துக்கொண்டும் கோலி ஆடிக்கொண்டும் இருந்தோம்.

பாஸ்டர் கண்ட வழி

வைரஸ் மெல்லச் செல்கிறது என்றால், அது தலைநகரை எட்டுமுன் நம் காவற்படையை எழுப்பிவிட முடியாதா? பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் முறை நிற்பது இந்த அடிப்படையில்தான். மற்ற தடுப்பூசிகள் பெரும்பாலும் நோய்க்கிருமி உடலில் புகுமுன் போடப்படுபவை. கிருமி புகுந்தபின் போட்டாலும் காக்கும் தடுப்பூசி என்ற சிறப்பு இதற்கு உண்டு. அச்சிறப்பைத் தந்தது வைரஸின் மெதுவான பயணமே.

1885 சூலை 6 அன்று அல்சேஸ் பகுதியிலிருந்து ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் பாஸ்டரிடம் அழைத்து வந்தாள். இரண்டு நாள் முன்பு அவனை வெறிநாய் பல இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டரும் அவருடைய துணைவர் எமில் ரூவும் நோயுற்ற முயல்களின் தண்டுவடத்தை உலர்த்தி வைரஸின் வீரியத்தைக் குறைத்து வைத்திருந்தனர். மிக உலர்ந்ததில் தொடங்கி, நாளுக்கு நாள் வீரியம் கூடியதாகப் பத்து நாட்களுக்கு மேல் ஊசி போடப்பட்டது. பாஸ்டர் மருத்துவர் அல்லர். ஆகவே ஊசி போட்டவர் வேறொரு மருத்துவர். சிறுவன் பிழைத்தான். பின்னாளில் பாரிசில் பாஸ்டர் நிலையத்திலேயே காவலராகப் பணிபுரிந்தான்.

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் தோன்றியது. தென்னாட்டில் கடிபட்டவர் அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. 1907-இல் நம் நீலகிரியில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பின்னரே அக்குறை நீங்கத் தொடங்கியது.

பதினான்கு ஊசியின் கதை

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் புதிய தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். செம்மறியாட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, பீனால் என்னும் வேதிப்பொருளால் கொன்று, அம்மூளைக் கரைசலையே ஊசியாகப் போடும் முறை அது. தொப்புளைச் சுற்றி நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசிகள். மலிவாகச் செய்யக்கூடியது என்பதால் நம் நாட்டில் எண்ணற்றோரைக் காத்தது அதுவே.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஆட்டின் நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை, நம் நரம்பின் உறையைப் பெரிதும் ஒத்தது. ஊசியில் வந்த ஆட்டு மயலினை எதிர்க்கப் புறப்பட்ட காவற்படை, சிலருக்கு அவர்களுடைய சொந்த நரம்புறையையே தாக்கிவிட்டது. நோயைத் தடுக்கப் போட்ட ஊசியால் சிலர் கைகால் செயலிழந்தனர். பின்னர், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செல்களில் வைரஸை வளர்க்கும் முறை வந்தது. அதில் நரம்புத் திசு இல்லை. அந்த ஆபத்தும் இல்லை. நம் நாட்டில் மூளைத் திசு ஊசியின் உற்பத்தி 2004 இறுதியில் நிறுத்தப்பட்டது.

ஊசி போயிற்று, அச்சம் போகவில்லை. என் தோழன் தன் கடியை மறைத்தது, அவன் பள்ளியில் சேருமுன்பே மறைந்துவிட்ட பதினான்கு ஊசிக்கு அஞ்சித்தான்.

எங்கள் வீட்டில்

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் என் தம்பியை, கடைக்குப் போகும் வழியில் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரத்தம் வழிய ஓடிவந்தான். என் அப்பாயி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்தார். அடுத்த ஊரில் வேர் கொடுப்பவர் இருக்கிறார், உடனே போகவேண்டும் என்றார். என் தந்தைக்குச் சிறுவயதில் அந்தப் பதினான்கு ஊசியைப் போட்டு, வயிறு வீங்கிப் பட்ட பாட்டை நாள்தோறும் அருகிருந்து பார்த்தவர் அவர். "அந்தப் பச்சப்புள்ள வயிறு தாங்குமாய்யா?" என்று அழுதார். அறியாமை என்று அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ட அளவில் அவர் சொன்னது உண்மை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பரீட்சைக்குப் படித்தது வீட்டுக்குப் பயன்பட்ட முதல் நாளும் அதுவே. தம்பியை அடிபம்பின் கீழ் உட்காரவைத்து, துணி துவைக்கும் சோப்பைப் போட்டு, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். சோப்பு வைரஸின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். உறை போனால் சாவி போயிற்று. பிறகு பேருந்து ஏறி அரசு மருத்துவமனைக்குச் சென்றோம்.

அங்கே கடிவாயைச் சுற்றியும் உள்ளும் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். அது ஆயத்த எதிர்ப்பொருள். தடுப்பூசியால் நம் உடல் தானே எதிர்ப்பொருளை உண்டாக்க ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அதுவரை வைரஸைக் காயத்திலேயே மறித்து நிறுத்துவது இது. பிறகு தடுப்பூசி, இரு கைகளிலும் தோலுக்குள் பத்தில் ஒரு மில்லிலிட்டர் வீதம். முதல் நாளைச் சுழியம் எனக் கொண்டால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை. அவ்வளவுதான். தம்பி அழக்கூட இல்லை. அப்பாயி அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார்.

அன்று மாலை என் தோழனின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சு அத்தை" என்றேன். அதன்பின், எட்டாண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "நீயும் அப்பப் புள்ளதானய்யா" என்றார். இதைக் கல்லூரி மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரு போடாம எழுது. நாலு பேரு படிக்கட்டும்" என்றார். இருபத்தெட்டாம் நாள் காலையில், நாங்கள் மறந்துவிடக் கூடாதென்று, பேருந்து வருமுன்பே அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

நாம் செய்யத்தக்கவை

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2024-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் எனக் கணக்கிட்டது. தடுக்கமுடியாத நோயால் அல்ல, தடுக்கக்கூடிய நோயால் நேரும் இறப்புகள் இவை.

எனவே பின்வருவனவற்றை மனத்திற்கொள்வோம். கடியோ பிறாண்டலோ எதுவாயினும் உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே என்று விடக்கூடாது. கடித்த நாய் பத்து நாள் நலமாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தப் பத்து நாட்களைக் காத்திருப்பில் கழிக்காமல், ஊசியைத் தொடங்கிவிட்டே நாயைக் கவனிக்க வேண்டும். ஊசிகளை இடையில் நிறுத்தக் கூடாது. நாட்கள் கடந்துவிட்டாலும், நோய்க்குறி தோன்றாதவரை, இனிப் பயனில்லை என்று எண்ணாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்நோயை வேரோடு தடுக்க வேண்டுமாயின் மனிதனுக்கு ஊசி போட்டால் மட்டும் போதாது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் தடுப்பூசி போட்டால் வைரஸ் நாய்க்கு நாய் பரவ வழியின்றி அற்றுப்போகும் என்பது அறிஞர் கணிப்பு. அவ்வாறு முயன்ற கோவா மாநிலம் 2021-இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாய்வழி ரேபிஸை 2030-க்குள் ஒழிக்க நம் நாடு திட்டம் வகுத்துள்ளது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளிலிருந்து வந்து இங்கே நரம்பு மண்டலத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். அந்தப் படத்தை ஒருமுறையேனும் நம் வீட்டுத் திண்ணையில் வைத்து விளக்குவோம். குறிப்பாகச் சிறுவர்களிடம் ஒன்றைச் சொல்வோம்: நாய் கடித்தால் யாரும் அடிக்கமாட்டார்கள், பதினான்கு ஊசி இப்போது இல்லை, தோழன் கடிபட்டால் அதை மறைப்பது நட்பன்று. இதை எனக்கு ஏழாம் வகுப்பில் ஒருவர் சொல்லியிருந்தால், இன்று ஏதேனும் ஒரு கல்லூரியில் என் தோழனும் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருப்பான்.